ஏழு நாள் தாமதம், எவ்வளவு அபராதம்?

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. ஜவ்வாது மலையும் அமிர்தி காடும் பக்கத்தில்தான். காலையில் பஸ் ஏறி வேலூருக்கு வேலைக்குப் போகிறவர்களும், ஊரிலேயே பயிர் செய்கிறவர்களும் கலந்து வாழும் வட்டாரம் இது.

இங்கே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காகச் சொல்லும் குடும்பம்தான். ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

தகப்பனாருக்கு வேலூர்ப் பக்கம் ஒரு தோல் பொருள் தொழிற்சாலையில் வேலை. தாயார் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கி வீடு கட்டினார்கள். 20 ஆண்டுத் தவணை. வட்டி ஆண்டுக்கு 100க்கு 9 ரூபாய். மாதத் தவணை 8,997 ரூபாய். மாதா மாதம் 5ந் தேதி கட்ட வேண்டும்.

ஒரு மாதம் சம்பளம் தள்ளிப் போயிற்று. தவணையை 12ந் தேதி கட்டினார்கள். ஏழே நாள் தாமதம்.

சில மாதங்கள் கழித்துக் கடன் கணக்குத் தாள் வந்தது. மகள் அதைப் படித்துப் பார்த்தாள்.

"அப்பா, 500 ரூபாய் எதுக்குப் போட்டிருக்காங்க?"

"தவணை தள்ளிப் போச்சில்லம்மா, அதுக்கு அபராதம்."

"அதுக்கு மேலே 90 ரூபாய்?"

"அது வரியா இருக்கும்."

"அடுத்த மாசமும் 590 போட்டிருக்காங்களே! அந்த மாசம் 5ந் தேதியே கட்டிட்டோமே, அப்பா?"

தகப்பனாருக்குப் பதில் தெரியவில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் தாயாரும் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, போய்க் கேட்டா என்ன?" என்றார்.

"கேட்டா சும்மா இருப்பாங்களா? வீட்டுப் பத்திரமே அவங்க கையிலே இருக்கு."

இந்தப் பயம்தான் பல வீடுகளில் வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் மகள் கேட்ட மூன்று கேள்விகளும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு நாட்டின் சட்டத்தில் பதில் இருக்கிறது.

வட்டி வேறு, அபராதம் வேறு

கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும். அது பிறர் பணத்தை வைத்துக்கொண்டதற்குக் கொடுக்கும் கூலி. தவணை ஏழு நாள் தள்ளிப்போனால், அந்த ஏழு நாளுக்கும் வட்டி உண்டு. இதை யாரும் மறுக்க முடியாது.

அந்த வட்டி எவ்வளவு? 8,997 ரூபாய்க்கு, ஆண்டுக்கு 100க்கு 9 வீதம், ஏழு நாளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 15 ரூபாய் 50 காசு வருகிறது. பணம் பிந்தியதால் கடன் கொடுத்தவருக்கு வட்டியில் வந்த நஷ்டம் இவ்வளவுதான்.

அபராதம் அப்படி அல்ல. அது தவறு செய்ததற்குத் தண்டனை. "இனிமேல் தேதி தவறாதே" என்று எச்சரிப்பதற்காகப் போடுவது. பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வரும் பிள்ளையை ஆசிரியர் கண்டிப்பது போல. கண்டிப்பு வேண்டியதுதான். ஆனால் ஐந்து நிமிடம் பிந்திய பிள்ளையை ஆண்டு முழுவதும் வெளியே நிற்க வைத்தால் அதற்குப் பெயர் கண்டிப்பு அல்ல.

மூன்று வகைக் கணக்கு

அதே ஏழு நாள் தாமதத்துக்கு மூன்று விதமாக அபராதக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் வகை: பாக்கி நின்ற தவணைக்கு மட்டும், நின்ற நாட்களுக்கு மட்டும் அபராதம். மாதம் 100க்கு 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 ரூபாய் வீதம் என்று வைத்துக்கொண்டால், ஏழு நாளுக்கு 41 ரூபாய் வரும்.

இரண்டாம் வகை: ஒரு தடவை பிந்தினால் இவ்வளவு என்று ஒரே தொகை. 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8,997 ரூபாய் ஏழு நாள் பிந்தியதற்கு 500 ரூபாய் என்றால், ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்க்கும்போது 100க்கு சுமார் 290 ரூபாய் ஆகிறது!

மூன்றாம் வகை: தவணை தவறியதும் மொத்தக் கடனுக்கும் அந்த மாதம் வட்டி வீதத்தை 2 உயர்த்துவது. 10 லட்சத்துக்கு ஒரு மாதத்துக்கு இது 1,667 ரூபாய் ஆகிறது.

41 ரூபாய் எங்கே? 1,667 ரூபாய் எங்கே? நாற்பது மடங்கு வித்தியாசம்! தவறு ஒன்றுதான். குடும்பமும் ஒன்றுதான். கணக்குப் போடும் விதம்தான் வேறு. பாக்கி நின்றது ஒன்பதாயிரம். அபராதம் போட்டது பத்து லட்சத்துக்கு. எனவே அபராதம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்தத் தொகைக்கு, எத்தனை நாளுக்கு என்றும் பார்க்க வேண்டும்.

குட்டி போடும் அபராதம்

சரியாகக் கட்டிய அடுத்த மாதத்திலும் அபராதம் எப்படி வந்தது? மகள் கேட்ட இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

குடும்பம் 5ந் தேதி 8,997 ரூபாயைக் கட்டிவிட்டது. ஆனால் அந்தப் பணத்திலிருந்து முதலில் பழைய அபராதம் 590 ரூபாய் எடுத்துக்கொள்ளப்பட்டது. மீதி 8,407 ரூபாய்தான் தவணைக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. தவணை 590 ரூபாய் குறைந்துவிட்டது. "தவணை முழுதாகக் கட்டவில்லை" என்று மறுபடியும் 590 ரூபாய் அபராதம்!

அடுத்த மாதமும் இதே கதை. குடும்பமோ தேதி தவறாமல் முழுத் தவணையையும் கட்டிக்கொண்டே இருக்கிறது. கணக்குத் தாளில் பாக்கியும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரு வருஷம் யாரும் கவனிக்காவிட்டால் 12 அபராதம். மொத்தம் 7,080 ரூபாய். நடந்த தவறு ஒரே ஒரு ஏழு நாள் தாமதம்!

இன்னொரு வழியும் உண்டு. அபராதத்தை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடுவது. கேட்பாரற்றுக் கிடந்தால், இன்று அசலில் சேர்ந்த 500 ரூபாய், 9 வட்டியில், 20 ஆண்டு முடியும்போது 3,000 ரூபாய் ஆகிவிடும். வட்டி குட்டி போடும் என்பார்கள். இங்கே அபராதமே குட்டி போடுகிறது.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

அபராதம் குட்டி போடலாமா? கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு எப்போதோ சொல்லிவிட்டது.

2001ம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்ட்ரல் பாங்கி தொடர்ந்த ஒரு வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பு அளித்தது. வட்டி என்பது ஈடு. அபராத வட்டி என்பது தண்டனை. இரண்டும் ஒன்றல்ல என்று அதில் பிரித்துக் காட்டப்பட்டது. ஒரு காலத்துத் தவறுக்கு ஒரு தடவைதான் அபராத வட்டி போடலாம். அதை அசலோடு சேர்த்து மேலும் வட்டி போடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதற்கும் முன்பே, 1872ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. வாக்குத் தவறினால் இவ்வளவு பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேல் போகாமல் நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்று அதன் 74வது பிரிவு சொல்கிறது. தவறிய நாள் முதல் வட்டியை உயர்த்தும் ஏற்பாடும் தண்டனையாகக் கருதப்படலாம் என்று அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது.

"கையெழுத்துப் போட்டாயே, பேசாமல் கட்டு" என்பது முழு நியாயம் அல்ல. கையெழுத்துக்கு மேலே சட்டம் இருக்கிறது.

கண்ணாடிக் கடைக்காரர் போட்ட வழக்கு

சாதாரண ஆள் கேட்டால் நடக்குமா? நடந்திருக்கிறது.

2020ம் ஆண்டு கொரோனா வந்தது. கடைகள் மூடப்பட்டன. வேலை போயிற்று. மார்ச் முதல் ஆகஸ்டு முடிய ஆறு மாதங்களுக்குத் தவணையைத் தள்ளிப் போட ரிசர்வ் பாங்கி அனுமதி தந்தது. ஆனால் அந்த ஆறு மாத வட்டி நிற்கவில்லை. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறியது.

ஆக்ரா நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர், வீட்டுக்கடன் வாங்கியிருந்தார். "தவணையைத் தள்ளிக் கட்டு என்று சொல்லிவிட்டு, அதற்கு வட்டி மேல் வட்டி வாங்கலாமா?" என்பது அவர் கேள்வி. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மத்திய சர்க்கார் இறங்கி வந்தது. 2 கோடி ரூபாய் வரையுள்ள கடன்களுக்கு, அந்த ஆறு மாதத்தில் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சர்க்காரே கொடுக்கும் என்று 2020 அக்டோபரில் அறிவித்தது. பிறகு 2021 மார்ச் 23ந் தேதி தீர்ப்பு வந்தது. அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டியோ, அபராத வட்டியோ யாரிடமும் வாங்கக் கூடாது. வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும் அல்லது அடுத்த தவணையில் கழிக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்பில் எல்லாமே கடன்காரர்களுக்குச் சாதகமாக வந்துவிடவில்லை. வட்டியையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற கோரிக்கையைக் கோர்ட்டு ஏற்கவில்லை. வட்டி வேறு, தண்டனை வேறு என்ற அதே கோடுதான் அங்கேயும் கிழிக்கப்பட்டது.

ரிசர்வ் பாங்கியின் உத்தரவு

கோர்ட்டுத் தீர்ப்பு ஒரு பக்கம் இருக்க, பாங்கிகளும் வீட்டுக்கடன் கம்பெனிகளும் ஆளுக்கு ஒரு விதமாக அபராதம் வாங்கி வந்தன. வழக்குகளும் புகார்களும் பெருகின. ரிசர்வ் பாங்கி கணக்குகளைச் சோதித்துப் பார்த்தது. 2023 ஆகஸ்டு 18ந் தேதி ஓர் உத்தரவு போட்டது. அபராதம் என்பது ஒழுங்கை உண்டாக்குவதற்கு. வருமானத்தைப் பெருக்குவதற்கு அல்ல என்று அதில் சொல்லப்பட்டது.

உத்தரவின் முக்கிய விஷயங்கள் இவை:

அபராதத்தை வட்டியாக வாங்கக் கூடாது, கட்டணமாகத்தான் வாங்கலாம். வட்டி வீதத்தோடு அதைக் கூட்டக் கூடாது.

அபராதத்தை அசலோடு சேர்க்கக் கூடாது. அபராதத்துக்கு வட்டி போடக் கூடாது.

அபராதம் நியாயமாக இருக்க வேண்டும். செய்த தவறின் அளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும்.

சொந்தத் தேவைக்குக் கடன் வாங்கிய தனி மனிதரிடம், அதே மாதிரித் தவறுக்குக் கம்பெனிகளிடம் வாங்குவதைவிட அதிக அபராதம் வாங்கக் கூடாது.

எவ்வளவு அபராதம், எதற்காக என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும். தவணை பாக்கி என்று நினைவூட்டு அனுப்பும்போதும் அதைச் சொல்ல வேண்டும்.

புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1ந் தேதி முதல் இது அமுலுக்கு வந்தது. பழைய கடன்களையும் 2024 ஜூன் 30ந் தேதிக்குள் இந்த முறைக்கு மாற்றிவிட வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. எனவே பழைய கடன், புதுக் கடன் என்ற பேதம் இனி இல்லை. பாங்கிகளுக்கு மட்டும் அல்ல; நகரக் கூட்டுறவு பாங்கிகளுக்கும் வீட்டுக்கடன் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும்.

இந்த விதிகளை வைத்து அந்த மூன்று வகைக் கணக்கையும் மறுபடி பார்க்கலாம். வட்டி வீதத்தை உயர்த்தும் மூன்றாம் வகைக்கு இடமே இல்லை. அபராதத்தை அசலில் சேர்ப்பதற்கும் இடம் இல்லை. ஒரே தொகையாக 500 வாங்கும் இரண்டாம் வகை? அதை உத்தரவு நேராகத் தடுக்கவில்லை. இத்தனை ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்ச வரம்பு எதையும் ரிசர்வ் பாங்கி வைக்கவில்லை. "நியாயம்", "தவறுக்குத் தக்கது" என்ற இரண்டு சொற்களோடு விட்டுவிட்டது.

இதுதான் இந்த உத்தரவின் பலவீனம். எது நியாயம் என்று யாராவது கேட்டால்தான் அந்தச் சொற்களுக்கு உயிர் வரும். கேட்காவிட்டால் அவை காகிதத்தில்தான் இருக்கும்.

அந்த 90 ரூபாய்

500 ரூபாய்க்கு மேல் 90 ரூபாய் வரி என்றாரே தகப்பனார்? அது 100க்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. இப்படி வரி போடலாமா என்பதில் குழப்பம் இருந்தது. 2024 டிசம்பர் 21ந் தேதி ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் குழப்பத்தைத் தீர்த்தது. கடன் விதிகளை மீறியதற்காகப் பாங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் வாங்கும் அபராதக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2025 ஜனவரி 28ந் தேதி வரித் துறையும் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அந்த 90 ரூபாயைத் தாராளமாகத் திருப்பிக் கேட்கலாம்.

வெளிநாடுகளில்

இந்தச் சச்சரவு நம் நாட்டில் மட்டும் இல்லை.

அமெரிக்காவில், பழைய அபராதத்தைத் தவணைப் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு, தவணை குறைந்துவிட்டது என்று மறுபடி அபராதம் போடுவதை வீட்டுக்கடன் விதிகளே தடுக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லை அடுக்கிக் கோபுரம் கட்டுவதற்கு அதை ஒப்பிடுகிறார்கள்.

இங்கிலாந்தில், பாக்கிக்காரரைக் கவனிக்க உண்மையில் ஆகும் கூடுதல் செலவை ஒட்டித்தான் கட்டணம் இருக்க வேண்டும். 2009ம் ஆண்டு அங்கே ஒரு வீட்டுக்கடன் நிறுவனம், பாக்கி வைத்தவர்களிடம் அளவுக்கு மீறிக் கட்டணம் வாங்கியது உள்ளிட்ட குற்றங்களுக்காக 28 லட்சம் பவுன் அபராதம் கட்ட நேர்ந்தது. அபராதம் வாங்கியவருக்கே அபராதம்!

பாங்கியின் பக்கம்

பாங்கியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் கொடுக்கும் கடன் அவர்கள் சொந்தப் பணம் அல்ல. ஊரார் போட்டு வைத்த டெபாசிட்டு. தவணை பிந்தினால் கடிதம் எழுத வேண்டும், போன் செய்ய வேண்டும், ஆள் அனுப்ப வேண்டும். அபராதமே இல்லை என்றால், ஒழுங்காகக் கட்டுகிறவனும் "மெதுவாகக் கட்டலாம்" என்று நினைத்துவிடுவான். அந்தப் பாரம் கடைசியில் எல்லார் தலையிலும் விழும்.

ஆகவே அபராதம் வேண்டும். ஆனால் அது வேலி போல இருக்க வேண்டும். வேலியே பயிரை மேயக் கூடாது.

குடும்பம் என்ன செய்யலாம்?

முதலாவது, தவணையை நிறுத்தக் கூடாது. இது மிக முக்கியம். "அபராதத் தகராறு தீரட்டும், பிறகு கட்டுகிறேன்" என்று இருந்தால் 500 ரூபாய் வழக்கு வீட்டையே இழுத்துவிடும். 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் அது வராக்கடன் ஆகிவிடும். அதன்பின் 60 நாள் நோட்டீசு கொடுத்து, வீட்டை எடுக்கும் நடவடிக்கையில் இறங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. தவணையைக் கட்டிக்கொண்டே தகராறு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கடன் கணக்குத் தாளை முழுதாகக் கேட்டு வாங்க வேண்டும். வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, அபராதம் எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையே கணக்குப் போடச் சொல்லலாம். பாங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப் போனால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதையும் அபராதத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே தவறுக்கு இரண்டு பெயரில் பணம் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 1ந் தேதி முதல் கொடுக்கப்படும் கடன்களுக்கு, வட்டியும் கட்டணங்களும் அடங்கிய முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது விதி. தமிழ்தான் தெரியும் என்றால் தமிழில் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

நான்காவது, எழுதிக் கேட்க வேண்டும். கவுண்டரில் நின்று வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. பெரிய மனு வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, எங்கள் வீட்டுக்கடன் கணக்கில் இன்ன தேதியில் இன்ன தொகை அபராதம் போடப்பட்டிருக்கிறது. ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி, எந்தத் தொகைக்கு, எத்தனை நாளுக்கு இது கணக்கிடப்பட்டது என்று தெரிவிக்க வேண்டுகிறோம். அடுத்த மாதத் தவணையைத் தேதி தவறாமல் கட்டியும் மறுபடி அபராதம் போடப்பட்டுள்ளது. அபராதத்துக்கு ஜி.எஸ்.டி.யும் வாங்கப்பட்டுள்ளது. ரிசர்வ் பாங்கியின் 18-8-2023 தேதியிட்ட அபராதக் கட்டண உத்தரவுப்படி கணக்கைச் சரிசெய்து, அதிகமாக எடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டுகிறோம்."

இதை இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பதில் வராவிட்டால்?

30 நாள் பொறுக்க வேண்டும். பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் மேலே போகலாம்.

கடன் கொடுத்தது பாங்கி என்றால், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். ஓம்பட்ஸ்மன் என்று அவரைச் சொல்வார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சண்டிகாரில் 17வது செக்டாரில் உள்ள ரிசர்வ் பாங்கியின் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். பின்கோடு 160017. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

கடன் கொடுத்தது வீட்டுக்கடன் கம்பெனி என்றால் வழி வேறு. டில்லியில் உள்ள தேசிய வீட்டுவசதி பாங்கிக்குப் புகார் அனுப்ப வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு வாசலுக்குப் பதில் இன்னொரு வாசலில் நின்று நாளைக் கழிப்பவர்கள் உண்டு. கடன் பத்திரத்தில் உள்ள பெயரை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலூரில் மாவட்ட நுகர்வோர் கமிஷனும் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் யோசனை கேட்கலாம்.

இன்னொன்று: தவறாகப் போட்ட அபராதத்தால் "பாக்கிக்காரர்" என்று கடன் தகவல் கம்பெனியின் ஏட்டில் பெயர் ஏறியிருந்தால், அதைத் திருத்தவும் எழுதிக் கேட்க வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தாமதத்துக்கு அபராதம் அவர்களுக்கும் உண்டு!

590 ரூபாய் பெரிய விஷயமா?

"590 ரூபாய்க்கு இத்தனை அலைச்சலா?" என்று சிலர் கேட்கலாம்.

ஒரு வீட்டுக்கு அது ஒரு மாதப் பால் செலவில் பாதிகூட ஆகாமல் இருக்கலாம். ஆனால் 12 மாதம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு தவணைக்குக் கிட்டே வருகிறது. ஒரு லட்சம் வீடுகளில் ஒவ்வொரு 590 ரூபாய் எடுத்தால் 5 கோடியே 90 லட்சம் ரூபாய்! சிறு தொகை என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவதால்தான் அது பெருந்தொகை ஆகிறது.

பணம் மட்டும் அல்ல. 10 லட்சம் கடனுக்கு 20 ஆண்டில் இந்தக் குடும்பம் கட்டப்போவது 21 லட்சத்து 59 ஆயிரத்துக்கு மேல். முதல் மாதத் தவணையில் 7,500 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. 1,497 ரூபாய்தான் அசலில் கழிகிறது. அதாவது ஆரம்ப காலத்தில் எடுக்கப்படும் ஒரு 500 ரூபாய் அபராதம், ஒரு மாதத்தில் கழியும் அசலில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று செங்கல் ஏறும் போது ஒரு செங்கல் இறங்குவது போலத்தான் இது.

கணக்குத் தாளை மகள் மடித்து வைக்கவில்லை. நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். ஒரு பத்தியில் கட்டிய தேதி. ஒரு பத்தியில் கட்டிய பணம். ஒரு பத்தியில் அபராதம். தாயார் பக்கத்தில் உட்கார்ந்து ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"என்ன எழுதறே?" என்று தகப்பனார் கேட்டார்.

"நாம கட்ட வேண்டியது எவ்வளவு, கட்டக் கூடாதது எவ்வளவுன்னு எழுதறேன், அப்பா."

தகப்பனார் சட்டையை மாட்டிக்கொண்டார். கட்ட வேண்டியதைக் காசு குறையாமல் கட்ட வேண்டும். கட்டக் கூடாததை ஏன் என்று கேட்க வேண்டும். வீட்டுப் பத்திரம் பாங்கியில் அடமானமாக இருக்கலாம். கேட்கும் உரிமையை யாரும் அடமானம் வைக்கவில்லை.